மூன்றாம் கிளாஸும் ஐந்தாம் கிளாஸும்

கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் முதல் கிளாஸே தாண்டவில்லை, அதற்குள் இரண்டாம் தடவை தாட்சாயணி கண்ணை மூடிக்கொண்டாள். எதற்கு? மாசிலாமணி ஒரு வாய் ஒயினை உறிஞ்சிவிட்டு, “பேரிக்காயக் கடிச்சிட்டு அதே கையோட இரும்பு கேட்டத் தொட்டா ஒரு வாசனை வரும்ல சார், அது மாதிரி” என்று முனகியதற்கு. முனகினான் என்றுகூடச் சொல்ல முடியாது, கிளாசுக்குள்ளேயே பேசினான், கிளாஸ்தான் எங்களுக்குச் சொன்னது. உடனே இவளுக்கு அந்த கேட்டைப் போய்த் தொட்டுவிட்டு வருகிற மாதிரி ஒரு முகம். எந்த கேட்? எங்கள் காலேஜ் கேட்டா? அதைத் தொட்டால் வாட்ச்மேன் வெற்றிலை வாசனைதான் வரும். இதைச் சொல்லலாம். வாட்ச்மேன் குரலிலேயே சொல்லலாம், “யாருப்பா அது கேட்ட மோந்து பாக்குறது, ஐடி கார்டு எங்க?” மேசையில் அத்தனை பேரும் புரையேறச் சிரிப்பார்கள், தாட்சாவும் சிரிப்பாள், எனக்குத் தெரியும், காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து நான் வாயைத் திறந்தால் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அங்கேதான் இடிக்கிறது. என்னிடம் சிரிக்கிறாள், அவனிடம் கண்ணை மூடுகிறாள். சிரிக்கும்போது அவள் கண் அகலமாகத் திறந்து என்னையே பார்க்கும், உலகத்திலேயே எனக்குப் பிடித்தது அதுதான் என்று போன மாதம் வரைக்கும் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், கண்ணைத் திறந்துகொண்டு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், சர்க்கஸ் பார்க்கலாம், பஸ் நம்பர் பார்க்கலாம். கண்ணை மூட வைக்க ஒரு தனி ஆள் வேண்டும் போலிருக்கிறது. அந்த ஆளுக்குப் பேர் மாசிலாமணி. பத்தொன்பது வயசுப் பையனுக்கு வைக்கிற பேரா அது, ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் பேர் இல்லையா? அதையும் இவள் சுருக்கி மாசி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். மாசி என்றால் எனக்குக் கருவாடுதான் ஞாபகத்துக்கு வருகிறது. எனக்கும் ஒரு பேர் வைத்திருக்கிறாள், டேப்பு, டேப் ரெக்கார்டரில் பாதி. அவனுக்கு அவன் பேரிலேயே பாதி, எனக்கு ஒரு மெஷினில் பாதி. நல்ல நியாயம்.

“ஒரே திராட்சை, ஆறு மண்ணு! திராட்சைய மறந்துடுங்க, மண்ணக் கேளுங்க!” இது ஆரோக்கியநாதன் சார். சார் பேசும்போது என் உதடு தானாக அசையும், நிறுத்த முடியாது, பெரியவர்கள் பூசையில் ஜெபம் சொல்கிற மாதிரி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு கப்பல் வரும். “ஷிப்ல இருக்கும்போது…” வந்துவிட்டது பார், “ஷிப்ல இருக்கும்போது கேப்டன் டேபிள்ல இதே மாதிரி ஆறு கிளாஸ் வெச்சு, கண்ணக் கட்டிட்டு, ஆரோக்கியம், நீ சொல்லுன்னாங்க.” அந்த ‘ஆரோக்கிய’த்தில் சார் மூக்கை ஒரு சுருக்குச் சுருக்குவார், அதைப் பிடித்தால் மொத்த சாரையும் பிடித்த மாதிரி. நான் ஒரு தடவை அந்தக் குரலில் எங்கள் வகுப்பு லோகுவுக்கு போன் போட்டு, ஹாஸ்டல் ஸ்பூன் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வெயிலில் காயப் போடச் சொன்னேன், அவனும் போட்டான், ஒவ்வொன்றாக, கவிழ்த்து. தாட்சா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், சிரித்துச் சிரித்து அழுதாள். அந்த லோகுதான் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து சார் சொல்வதற்கெல்லாம் “ஆமா சார், மண்ணு சார்” என்கிறான். வெள்ளைத் துணி போட்ட நீள மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வெள்ளைத் தாள், தாளில் ஆறு வட்டம், வட்டத்துக்கு ஒரு கிளாஸ். ஆறிலும் ஷெனின் ப்ளாங்க் என்கிற ஒரே திராட்சையின் வெள்ளை ஒயின். சார் ப்ளாங்க் என்கிறார், பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற எங்கள் தெரு முசே தாத்தா கேட்டால் “ப்ளான், ப்ளான்!” என்று கைத்தடியால் தரையைத் தட்டுவார். பதினெட்டு முடிந்திருக்கிறதா என்று ஆதார் கார்டைப் பார்த்துத்தான் இந்த வகுப்பில் சேர்த்தார்கள். புதுச்சேரியில் கேட்டரிங் காலேஜ் படித்துவிட்டு ஒயின் தெரியாது என்றால் வெளியே சிரிப்பார்கள் என்று பிரின்சிபால் சொன்னார், பிரின்சிபால் குரலும் எனக்கு வரும், ஆனால் இன்றைக்கு பிரின்சிபாலைக் கூப்பிட வேண்டாம். இன்றைக்கு வேறு வேலை. வகுப்பு முடிந்ததும் பெங்களூரில் நடக்கிற ஒயின் ருசிக்கும் போட்டிக்கு யார் போவது என்று முடிவாகும். இரண்டு பேர் கொண்ட அணி. ஒருத்தி தாட்சாயணி, அது சார் போன வாரமே சொல்லிவிட்டார். கூட யார் என்று “நீயே சொல்லும்மா, உனக்குத்தானே ஜோடி” என்று அவளிடமே விட்டுவிட்டார். போன மாதம் கேட்டிருந்தால் கேள்வியே இல்லை, கஸ்பார்தான், அதாவது நான்தான், காலேஜ் சுவரைக் கேட்டாலும் கஸ்பார் என்றிருக்கும். போன மாதம்தான் காரைக்காலிலிருந்து இந்தக் கருவாடு மாறுதல் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

இரண்டாம் கிளாஸ். நான் பக்கவாட்டு மேசையைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டேன். ஆறு பாட்டிலும் அங்கே நிற்கின்றன, பேக்கரி வகுப்பின் பழுப்புக் காகிதக் கவரை மாட்டிக்கொண்டு, வாய் மட்டும் வெளியே தெரிய, கவர் மேல் மார்க்கரில் ஒன்று முதல் ஆறு வரை. கவர் போட்டது சார், மூடி திறந்தது சார், எதற்குள் எது என்று சாருக்கு மட்டும்தான் தெரியும். ஊற்றி வைக்கும் முறை இன்று என்னுடையது. சார் ஆபீசுக்குப் போன நேரத்தில், மற்றவர்கள் உள்ளே வருவதற்கு முன்னால், ஒவ்வொருவர் கிளாசிலும் ஊற்றிக்கொண்டே வந்தேன், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்துக்கு வந்தபோது கை தானாக மறுபடியும் மூன்றாம் பாட்டிலை எடுத்தது. தானாக என்று சொல்வது சும்மா. முந்தின நாள் குளிக்கும்போதே யோசித்துவிட்டேன். மூன்றிலும் ஐந்திலும் ஒரே ஒயின். மாசிலாமணி மூன்றைக் குடித்துவிட்டு ஒரு கேட் சொல்வான், ஐந்தைக் குடித்துவிட்டு ஒரு கிணறு சொல்வான், தாட்சா இரண்டுக்கும் கண்ணை மூடுவாள், அப்போது நான் எழுந்து, சார் குரலில், “ஷிப்ல இருக்கும்போது ஒரே பாட்டில்ல கேட்டும் கிணறும் வெச்சிருந்தோம், தம்பி!” என்று உடைப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் கண்ணைத் திறந்து சிரிப்பாள். திறந்தே வைத்திருப்பாள். திட்டத்தில் ஓட்டையே இல்லை என்றுதான் நினைத்தேன், இந்தக் காகிதம் வேர்க்கிற வரைக்கும். ஏசி ஓடுகிறது என்பதை அதன் சத்தம்தான் சொல்கிறது, காற்று ஒன்றும் சொல்லவில்லை. சில்லென்று வந்த பாட்டில்கள் இந்தப் புழுக்கத்தில் வேர்க்கின்றன, வேர்வை கவரில் ஊறுகிறது, உள்ளே ஒயின் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டம் வரைக்கும் ஈரம். ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு, எல்லாம் இடுப்பளவு ஈரம். மூன்று, கணுக்கால் அளவு. ஐந்து? ஐந்து கழுத்தளவு. ஒருத்தன் குளத்தில் நிற்கிறான், தலை மட்டும் தெரிகிறது, என்னையே பார்க்கிறான். யாராவது திரும்பிப் பார்த்தால் முடிந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கிளாசைப் பார்க்கிறார்கள். தாட்சா மாசியைப் பார்க்கிறாள்.

“கொய்யா, ஆனா பழுக்கல, காம்புக்குப் பக்கத்துல கடிச்ச மாதிரி.” இரண்டு முடிந்தது. மாசிலாமணிதான், சொல்லிவிட்டுத் துப்புகிறான். இதுவும் ஒரு கொடுமை. குடிக்கக் கூடாது, வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுப் பக்கெட்டில் துப்ப வேண்டும். எனக்கு எப்போதும் பாதி பக்கெட்டில், பாதி சட்டையில். லோகு துப்பினால் குழாய் உடைந்த மாதிரி. மாசிலாமணி துப்பினால் ஊசியில் நூல் கோர்த்த மாதிரி ஒரு கோடு, சத்தமே இல்லாமல் போய் விழும். துப்புவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஹாஸ்டல் பாத்ரூமில் தண்ணீரை வைத்துப் பயிற்சி எடுத்தேன், பக்கத்து பாத்ரூமிலிருந்து “எவன்டா அது வாந்தி எடுக்கிறது, வார்டனக் கூப்பிடவா?” என்று கேட்டார்கள். இன்னொரு பயிற்சியும் எடுத்தேன், அது யாருக்கும் தெரியாது. மாசிலாமணி குரல். கண்ணாடி முன்னால் நின்று, தாடையை இறக்கி, கிளாசுக்குள் பேசுகிற மாதிரி, “பேரிக்காய், கேட்டு.” வரவில்லை. வார்டன் வருகிறார், பஸ் கண்டக்டர் வருகிறார், கோயில் மைக்கில் செருப்புத் தொலைந்ததை அறிவிக்கிறவர் வருகிறார், சார் கூப்பிடாமலே வருகிறார், இவன் மட்டும் வரவில்லை. பிடித்துக்கொள்ள அவன் குரலில் ஒரு கொக்கி இல்லை. மூக்கைச் சுருக்குவதில்லை, இழுப்பதில்லை, ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்வதில்லை. மிமிக்ரி என்றால் அப்படியே பேசுவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அப்படியே பேசினால் எவனும் சிரிக்க மாட்டான், ஒரு கல் உப்பு கூடப் போட வேண்டும், கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும், அந்த உப்பில்தான் சிரிப்பு. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. தாட்சாதான், அதே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “டேய் டேப்பு, நீ எல்லார் குரலையும் கடைசில கொஞ்சம் இழுக்கிறடா, அது அவங்க கிடையாது, அதுதான் நீ” என்றாள். அப்போது நான் அவளிடம் சார் குரலில் நன்றி சொன்னேன். வேறு எந்தக் குரலில் சொல்வது?

மூன்றாம் கிளாஸ். தூக்கினேன், சுழற்றினேன், மூக்கை விட்டேன். எனக்கு வருவது ஒயின் வாசனை. மற்றவர்களுக்கெல்லாம் தோட்டம், கடல், பழக்கடை எல்லாம் வருகிறது, எனக்கு ஒயினில் ஒயின் வருகிறது. சார் சும்மா நாக்கில் தொட்டுவிட்டு, “இது பரவால்ல, ஹோட்டல் பஃபேக்கு ஆகும், இதுல பேச ஒண்ணுமில்ல” என்று தள்ளி வைத்தார். லோகு, “ஆமா சார், பஃபே சார்.” மாசிலாமணி நேரம் எடுத்துக்கொண்டான். “அன்னாசி டின்னத் தொறந்து, ஸ்பூன உள்ளயே விட்டுட்டாங்க சார்.” தாட்சா சிரித்துவிட்டாள். ஐயோ, சிரித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். அது என்ன, இரண்டையும் சேர்த்து, அப்படி ஒன்று இருக்கிறதா, இருந்தால் இத்தனை நாள் எனக்கு ஏன் காட்டவில்லை? “எந்தக் கடை டின்னுடா மாசி?” என்று அவன் முழங்கையை இடித்தாள். இடிப்பது என்னுடையது. முழங்கை இடி என் கணக்கில் வருவது, விலாவில் இடது பக்கம், இன்னும் அந்த இடம் எனக்குத் தெரியும். நான் மூன்றை வாயில் ஊற்றினேன். கசந்தது. நிஜமாகவே கசந்தது, வேப்பங்குச்சி மாதிரி நாக்கின் அடியில். சரி, மூன்றாம் பாட்டில் கசப்பு, பஃபே பாட்டில்தானே. நான்காம் கிளாஸ் வந்தது, போனது, சார் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் விட்டார், அங்கே துறைமுகத்தில் ஒரு சமையல்காரரோடு நடந்த சண்டையைச் சொன்னார், நான் கேட்கவில்லை, கவரைப் பார்த்தேன், கழுத்தளவு இப்போது தாடையளவு ஆகியிருந்தது.

ஐந்தாம் கிளாஸைத் தூக்குவதற்கு முன்னால் சார் எழுந்து நின்றார். எழுந்து நிற்பார் என்று யார் கண்டது? “தம்பிங்களா, தாட்சாயணி, இது காலேஜ் வாங்கினது இல்ல. இது என் சொந்த பாட்டில். பிரான்சுல ஒரு ஆத்தங்கரை, சுண்ணாம்புப் பாறைக்குள்ள குகையில வெச்சு வளக்குறாங்க. ஷிப்ப விட்டு எறங்கின அன்னிக்கு என் சினேகிதன் கையில குடுத்தான். பொண்ணு கல்யாணத்துக்குக்கூடத் தொறக்கல. உங்களுக்காகத் தொறந்திருக்கேன்.” என் காதுக்குள் ஏசி சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. நான் ஐந்தை எடுத்தது சும்மா, மூன்றிலிருந்து தள்ளி இருக்கட்டும் என்று, அவ்வளவுதான், இரண்டையும் ஆறையும்கூட எடுத்திருக்கலாம். சார் தன் கிளாசை வெளிச்சத்தில் பிடித்தார், கொஞ்ச நேரம் முன்னால் பஃபேக்கு ஆகும் என்று தள்ளினாரே அதே தண்ணியைத்தான் பிடித்தார், முகர்ந்தார், உறிஞ்சினார், துப்பவில்லை, விழுங்கினார். கண் கலங்கிவிட்டது. “கல்லு! ஆத்துக் கூழாங்கல்லு! அந்தக் குகைக்குள்ளயே நிக்கிறேன்யா!” இது நான் நினைத்ததைவிடப் பெரிய மீன், தூண்டில் போட்டது நெத்திலிக்கு, வந்து மாட்டியது வஞ்சிரம், கம்பு உடைகிறது, கையை விட முடியவில்லை. சிரிப்பு வர வேண்டும். இது என் வாழ்நாளிலேயே மிகப் பெரிய ஏமாற்று விளையாட்டு. வரவில்லை. வேறென்ன செய்வது, நானும் ஐந்தைக் குடித்தேன். கசக்கவில்லை. மூன்று கசந்தது, ஐந்து கசக்கவில்லை. என் கையால், ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றியது. ஐந்தில் ஏதோ உப்புக்கரித்தது, நெஞ்சில் எரிந்தது, பயம் இப்படித்தான் இருக்குமா? அப்படியானால் மூன்றில் இருந்தது என்ன, முழங்கையா? ஒருவேளை நான் ஊற்றியதே தப்போ, ஐந்தில் ஐந்தைத்தான் ஊற்றினேனோ, ஊற்றவில்லை என்று நினைத்துக்கொண்டேனோ? கவரைப் பார்த்தேன். தாடையளவு ஈரம். இல்லை, ஊற்றவில்லை. நாக்கு பொய் சொல்கிறது. எனக்குச் சொந்தமாக இருந்த ஒரே சாமான் இந்த நாக்கு, அதுவும் மிமிக்ரி செய்கிறது.

“மாசி, நீ சொல்லு.” தாட்சாதான் கேட்டாள். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமா, நீ சொல்லு தம்பி, இந்த பாட்டிலுக்கு நீதான் சரி” என்றார். மாசிலாமணி ஐந்தை முகர்ந்தான், வைத்தான். மூன்றை எடுத்து முகர்ந்தான், வைத்தான். மறுபடி ஐந்து. முகம் சிவந்தது, காது நுனி முதலில், பிறகு கழுத்து. சொல்லுடா, கிணறு சொல்லு, குகை சொல்லு, சார் சொன்னதையே திருப்பிச் சொல்லு, லோகு சொல்லவில்லையா? “சார், தப்பா இருக்கும்,” என்றான். “எனக்கு மூணும் அஞ்சும் ஒண்ணாத்தான் சார் தெரியுது.” பிறகு லோகு, “டேய் இன்னாடா, சார் பாட்டில பஃபேன்றியா?” என்றான், அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் இல்லாமலே சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. “ஒண்ணா? இதுவும் அதுவும் ஒண்ணா? பாராட்டினது தலைக்கேறிடுச்சா தம்பி? நான் ஷிப்புல பதினோரு வருஷம்…” அதற்கு மேல் சாருக்குக் குரல் உடைந்தது, திட்டும்போது உடையும் என்று எனக்குத் தெரியாது, இதுவரை நான் அந்த சாரைச் செய்ததே இல்லை. மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டு, “நேத்துலேர்ந்து சளி சார். மூக்கு வேல செய்யல. மன்னிச்சுடுங்க சார்” என்றான். சளி இல்லை. காலையில் மெஸ்ஸில் சாம்பாரைத் திறக்கும்போதே பெருங்காயம் கூட என்று சொன்னவன் அவன். தன் மூக்கையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சும்மா சிந்தினான், ஒன்றும் வரவில்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? தாட்சா அவனைப் பார்த்தாள், கண்ணைத் திறந்துதான் பார்த்தாள், மூடவில்லை, ஏமாந்த முகம். ஜெயித்துவிட்டேன். ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பெங்களூர், இரண்டு பேர், ஒரே பஸ், பக்கத்து சீட், ராத்திரி முழுக்க கண்டக்டர் குரல் செய்யலாம். வாயை மூடிக்கொண்டு இருப்பது. என்னிடம் போய் அதைக் கேட்கிறார்கள்.

“கஸ்பார், நீ சொல்லுப்பா,” என்றார் சார், சோர்ந்துபோய், ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்குகிற குரலில். “அஞ்சு எப்படி?” எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், லோகு ஏற்கெனவே பல்லைக் காட்டத் தயாராக இருந்தான். சார் குரலையே சாருக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன், ஷிப்ல இருக்கும்போது, கூழாங்கல்லு, மூக்கைச் சுருக்கி, சாரும் சிரித்துவிடுவார், மேசை சிரிக்கும், அவள் சிரிப்பாள். மூக்கைச் சுருக்கிவிட்டேன். வாயைத் திறந்தேன். “எனக்கு மூணும் அஞ்சும் ஒண்ணாத்தான் சார் தெரியுது.” வந்துவிட்டது. மாசிலாமணி. அச்சு. கிளாசுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, கொக்கி இல்லாமல், இத்தனை ராத்திரி பாத்ரூமில் வராதது, அப்படியே, அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரி. மேசை வெடித்தது. லோகு துணியைப் பிடித்து இழுத்து ஒரு கிளாசைக் கவிழ்த்தான், “டேய் செம்மடா, செம்ம, மாசியேதாண்டா!” சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மாசிலாமணிகூட, பாவி, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். நிஜத்தைச் சொன்னேன், யாருமே கேட்கவில்லை. மறுபடி சொல்லலாமா? மறுபடி சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். தாட்சா சிரிக்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எதுவோ வர வேண்டியது வரவில்லை, அதற்குக் காத்திருக்கிற மாதிரி. நான் கடைசிச் சொல்லை இழுக்கவில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உப்பே போடவில்லை. அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நேராகப் பக்கவாட்டு மேசைக்குப் போனாள். கவர்களை வரிசையாகப் பார்த்தாள். மூன்றின் மேல் கை வைத்தாள், கையை எடுத்தாள். ஐந்தின் கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள், வைத்தபடியே நின்றாள். காகிதம் ஊறிப்போய் அவள் கையோடு கொஞ்சம் வந்தது. மேசையில் சிரிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஒவ்வொருத்தராக நின்றது, கடைசியாக லோகு நிறுத்தினான், ஏன் நிறுத்தினோம் என்று தெரியாமலே.

ஐந்தாம் பாட்டிலைக் கவரோடு தூக்கிக்கொண்டு வந்தாள், கனக்கிறது என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. சார் பார்த்தார். பதினோரு வருஷம் கப்பலில் பாட்டில் தூக்கினவருக்குக் கனம் தெரியாதா? வாயைத் திறந்தார், ஷிப் வரும் என்று நினைத்தேன், வரவில்லை, மெதுவாக உட்கார்ந்தார், தன் ஐந்தாம் கிளாசைக் கையால் கொஞ்சம் தள்ளி வைத்தார், அதைப் பார்க்காமலே. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார். திட்டினால் தாங்குவேன், அந்தப் பார்வையை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தாட்சா முதலில் சாருக்குத்தான் ஊற்றினாள், புதுக் கிளாசில். அடுத்து மாசிலாமணியின் கிளாசை எடுத்துப் பக்கெட்டில் கவிழ்த்துவிட்டு, ஐந்தை, நிஜ ஐந்தை ஊற்றினாள். “குடி.” அவன் முகர்ந்தான். ஒரு வாய் உறிஞ்சினான். “ஸ்லேட்டு,” என்றான், “எச்சி தொட்டு அழிச்ச ஸ்லேட்டு. சார், இது… இது வேற சார்.” சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தாட்சாவும் மூடிக்கொண்டாள். மேசையில் அந்த ஸ்லேட்டுக்கு முன்னால் நின்றவர்கள் மூன்று பேர், நான் வெளியே. பிறகு அவள் கண்ணைத் திறந்து அவன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள். “சளியாம் சளி. பெங்களூருக்குச் சளியோட வந்தே, கொன்னுடுவேன்.” அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. கையை உயர்த்தி அறிவிப்பாள், கைதட்டுவார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். மண்டையில் ஒரு தட்டு. அந்தத் தட்டும் முன்னால் என் கணக்கில் இருந்ததுதான்.

என்னிடமும் வந்தாள். வர மாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள், என் ஐந்தாம் கிளாசை எடுத்துக் கொட்டினாள், ஊற்றினாள், மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு, கூடவும் இல்லை, குறைக்கவும் இல்லை. “நீயும் குடிடா டேப்பு,” என்றாள். “குடிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லு.” எல்லோரும் பார்த்தார்கள். குடித்தேன். கேட் இல்லை, குகை இல்லை, ஸ்லேட்டு தேடினேன், எனக்கு அகப்படவில்லை, ஆனால் நாக்கின் இரண்டு ஓரத்திலும் எதுவோ பிடித்து இழுத்தது, விட்டது, விட்ட பிறகும் அங்கேயே நின்றது. இது மூன்று இல்லை. அது மட்டும் எனக்கு, எனக்கே, யாரும் சொல்லாமல் தெரிந்தது. இதை எப்படிச் சொல்வது? சார் தயாராக இருந்தார், மூக்கைச் சுருக்கிக்கொண்டு. வாட்ச்மேன் இருந்தார், வார்டன் இருந்தார், இப்போதுதான் வந்து சேர்ந்த மாசிலாமணிகூட வரிசையில் நின்றான். ஒவ்வொருத்தரையும் தள்ளிக்கொண்டு போனால் கடைசியில் ஒருத்தனும் இல்லை, காலி ரூமில் ஃபேன் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். “நல்லா இருக்கு,” என்றேன். மெல்லிசாக, கொஞ்சம் கீச்சென்று, நடுவில் உடைந்து வெளியே வந்தது. லோகு என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று வாயை வைத்துக்கொண்டு, “டேய், இது யாரு வாய்ஸுடா?” என்று கேட்டான். மேசையில் யாருக்கும் தெரியவில்லை. தாட்சா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அதற்குள் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கின மாதிரி இருந்தது. சிரித்தாளா, கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா, பின்னாலிருந்து எனக்கு எப்படித் தெரியும்?